சிறைத் தீவில் மீண்டும் பூத்த தோட்டங்கள்: அல்கட்ராஸில் நடந்தது என்ன?

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் உள்ள அல்கட்ராஸ் தீவு, தப்பிக்க முடியாத சிறை என்றே உலகெங்கும் அறியப்படுகிறது. அல் கபோன் அடைக்கப்பட்டிருந்த அதே தீவில் ரோஜாத் தோட்டங்களும் இருந்தன. 40 ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்த அவை இன்று மீட்கப்பட்டுள்ளன.

சுமார் 22 ஏக்கர் பரப்புள்ள அத்தீவு வெறும் பாறை. நல்ல மண்ணும் நன்னீரும் படகில்தான் வந்தாக வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் அங்கு கோட்டை அமைத்த ராணுவத்தினரும் அவர்களது குடும்பத்தினரும் முதல் தோட்டங்களை உருவாக்கினர். 1934இல் கூட்டாட்சி அரசின் சிறையாக மாறியபோது, சிறைத் தலைவரின் செயலாளர் பிரெட் ரைக்கெல் அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றார். கைதிகளையும் தோட்ட வேலைக்கு அனுமதிக்குமாறு அவர் வலியுறுத்தினார். அவ்வாறு வந்தவர்களில் ஒருவர், கள்ளநோட்டு வழக்கில் தண்டனை பெற்ற எலியட் மிச்சனர். மேற்குச் சரிவில் அவர் ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கிய பாத்திகளே இன்று பார்வையாளர்களைப் பெரிதும் ஈர்க்கின்றன.

தப்பிப் பிழைத்த 200 வகைகள்

1963இல் சிறை மூடப்பட்டதும் முட்புதர்களும் படர்கொடிகளும் தோட்டங்களை விழுங்கின. 2003இல் தேசியப் பூங்காக்கள் சேவை, கோல்டன் கேட் தேசியப் பூங்காக்கள் அறக்கட்டளை, கார்டன் கன்சர்வன்சி ஆகிய அமைப்புகள் மீட்புப் பணியைத் தொடங்கின. தன்னார்வலர்கள் புதர்களை அகற்றியபோது, 200க்கும் மேற்பட்ட அலங்காரத் தாவர வகைகள் பராமரிப்பே இன்றி உயிர் பிழைத்திருந்தது தெரியவந்தது. தினமும் நீர் கேட்பவை மடிந்துபோக, வறட்சியைத் தாங்குபவை நிலைத்தன. ஆழ்துளைக் கிணற்றை நம்பிச் செடி வளர்க்கும் குப்பம் போன்ற ஊர்க்காரர்களுக்கு இந்தச் செய்தி தனி ஆர்வம் தரக்கூடும்.

வேல்ஸில் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட 'பார்டு ஜோப்' என்ற கருஞ்சிவப்பு ரோஜாவும் இத்தீவில் கிடைத்தது. அதன் கன்றுகள் பின்னர் வேல்ஸுக்கே அனுப்பப்பட்டன.

மீட்புப் பணி என்பது கண்ணுக்கு அழகான செடிகளைப் புதிதாக நடுவது அல்ல. எந்த இடத்தில் எது இருந்தது என்பது பழைய புகைப்படங்களைக் கொண்டு முடிவு செய்யப்பட்டது. பாசனத்திற்கு மழைநீர் சேமிக்கப்படுகிறது. கடற்பறவைகள் கூடு கட்டும் மாதங்களில் தீவின் சில பகுதிகள் மூடப்படுகின்றன.

அந்தமானில் நிலைமை வேறு

இந்தியர்களுக்கு இச்செய்தி, முன்பு போர்ட் பிளேர் என அழைக்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரம் அருகே உள்ள ராஸ் தீவை நினைவூட்டும். 2018இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப் பெயர் மாற்றப்பட்ட இது, 1858இல் உருவான தண்டனைக் குடியிருப்பின் தலைமையிடமாக விளங்கியது. ஆங்கிலேய அதிகாரிகளின் மாளிகைகளும் தேவாலயமும் இங்கு இருந்தன. 1942இல் ஜப்பானியப் படைகள் அந்தமானைக் கைப்பற்றியதோடு அந்தக் காலம் முடிவுக்கு வந்தது.

அல்கட்ராஸில் புதரை வெட்டினால் தோட்டம் வெளிப்பட்டது. ராஸ் தீவிலோ அத்தி இன மரங்களின் வேர்கள் செங்கல் சுவர்களைப் பின்னிப் பிணைந்துள்ளன. சுவரைப் பிளந்த அதே வேர்கள்தான் பல இடங்களில் அதைத் தாங்கியும் நிற்கின்றன. அவற்றை அகற்றினால் சுவரும் சரிந்துவிடும்.