நுண்ணுயிரியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?

தாராவியிலிருந்தோ செம்பூரிலிருந்தோ மகளின் கல்விக்கடன் குறித்து விசாரிக்க வங்கிக் கிளைக்கு வரும் பெற்றோர் தவறாமல் கேட்கும் கேள்வி இது. கணினியியலுக்கும் வணிகவியலுக்கும் உடனே விடை சொல்லிவிடலாம். நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், உயிரித்தொழில்நுட்பம் என்றால் சற்றுத் தயங்க வேண்டியிருக்கிறது. ‘ஆய்வகம்’ என்பதே பலரும் அறிந்த ஒரே விடை. ஆனால் ஆய்வாளராக நிலைபெற முனைவர் பட்டம் வேண்டும். அதற்கு ஐந்து ஆண்டுகளாவது ஆகும். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாயாக உயர்ந்துள்ளது உண்மைதான். அத்தேர்வில் வெற்றி பெறாதவர்களே மிகுதி. வீட்டின் முதல் பட்டதாரிக்கு, அதுவும் கடன் வாங்கிப் படித்தவருக்கு, அவ்வளவு காலம் காத்திருப்பது எளிதன்று.

வேறொரு விடை மாட்டுங்காவிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. ஆன்டாப் ஹில் அஞ்சலகத்தின் அருகே ‘பௌத்திக் சம்பதா பவன்’ என்னும் அரசுக் கட்டடம் இருக்கிறது. அதுதான் மும்பைக் காப்புரிமை அலுவலகம். 2012 மார்ச் 9 அன்று மும்பையில் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் பிறப்பித்த ஓர் ஆணை உலகெங்கும் பேசப்பட்டது. சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்களுக்கான சோராஃபெனிப் என்ற மருந்தின் காப்புரிமை பேயர் நிறுவனத்திடம் இருந்தது. ஒரு மாத மருந்துக்கு ஏறத்தாழ 2,80,000 ரூபாய். அதே மருந்தை நாட்கோ என்ற ஹைதராபாத் நிறுவனம் மாதம் 8,880 ரூபாய்க்கு மிகாமல் விற்கலாம் என்று அந்த ஆணை அனுமதித்தது. இந்தியாவின் முதல் கட்டாய உரிமம் அதுவே.

இத்தகைய முடிவுகள் சட்டம் அறிந்தவர்களால் மட்டும் எடுக்கப்படுவதில்லை. சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் நோவார்டிஸ் நிறுவனம் 1998இல் அளித்த விண்ணப்பத்தைப் பாருங்கள். ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு அது காப்புரிமை கோரியது. அவ்வடிவம் உடலில் 30 விழுக்காடு கூடுதலாகச் சேர்கிறது என்பது நிறுவனத்தின் வாதங்களுள் ஒன்று. கூடுதலாகச் சேர்வதாலேயே நோயைக் கூடுதலாகக் குணப்படுத்துகிறது என்றாகிவிடுமா? வழக்கின் மையக் கேள்வி இதுதான். சென்னை அலுவலகம் 2006இல் விண்ணப்பத்தை நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்றே தீர்ப்பளித்தது. மருந்து உடலில் எவ்வாறு சேர்கிறது என்பதைப் படித்த ஒருவர் விண்ணப்பத்தைப் புரட்டாமல், அந்தக் கேள்வி எழுந்திருக்கவே முடியாது. அவர் கையில் சோதனைக் குழாய் இல்லை, கோப்புதான் இருந்தது.

இத்துறையில் நுழைய இரண்டு வாசல்கள் உண்டு. அரசுத் தரப்பில் காப்புரிமை ஆய்வாளர் பணிக்கு உயிரித்தொழில்நுட்பம், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல் போன்ற பிரிவுகளில் முதுநிலைப் பட்டமும் அகில இந்தியத் தேர்வில் வெற்றியும் வேண்டும். மற்றொன்று காப்புரிமை முகவர் தேர்வு. இருபத்தொரு வயது நிறைந்த இந்தியக் குடிமகன், அறிவியலில் இளநிலைப் பட்டம் பெற்றிருந்தாலே போதும். சட்டப் படிப்பு தேவையில்லை. இது பலருக்கும் தெரியாத செய்தி. இரண்டு எழுத்துத் தாள்கள், பிறகு நேர்காணல். ஒவ்வொரு தாளிலும் 50 விழுக்காடும் மொத்தத்தில் 60 விழுக்காடும் பெற வேண்டும். தேறியவர் பதிவு செய்துகொண்டு, கண்டுபிடிப்பாளர்களின் சார்பில் விண்ணப்பம் எழுதி வாதிடலாம். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தையும் அதன் விதிகளையும் வீட்டிலிருந்தே படிக்க இயலும் என்பதால், செலவு குறைவான வழி என்று இதையே முதலில் சொல்லத் தோன்றுகிறது.

மும்பையில் மிகுதியாக ஆள் எடுக்கும் துறை மற்றொன்று: மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பு. ஒரு மருந்தை உட்கொண்டவருக்கு ஏற்பட்ட பாதிப்பு பற்றிய அறிக்கையைப் படித்து, மருந்துதான் காரணமா என்று ஆராய்ந்து, தெளிவான ஆங்கிலத்தில் எழுதுவது இப்பணி. எதிர்பாராத கடும் விளைவாயின் மருந்து நிறுவனம் 15 நாட்களுக்குள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். எனவே வேகமும் கவனமும் ஒருங்கே தேவை. நாட்டளவிலான கண்காணிப்புத் திட்டம் 2010இல் தொடங்கியது. சில நிறுவனங்களில் இரவுப் பணியும் உண்டு என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருப்பது நலம்.

புதிய மருந்துகளை நோயாளிகளிடம் சோதிக்கும் மருத்துவமனைகளில் ஒருங்கிணைப்பாளர் பணி இருக்கிறது. சோதனையின் நன்மை தீமைகளை நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கிய பின்னரே ஒப்புதல் பெற வேண்டும் என்பது விதி. பரேலில் உள்ள டாட்டா நினைவு மருத்துவமனைக்கு நாடெங்கிலுமிருந்து நோயாளிகள் வருகிறார்கள். தமிழும் இந்தியும் மராத்தியும் பேசத் தெரிந்த தாராவிப் பெண், தன் மொழிகளைத் தகுதியாக எண்ணியே பார்த்திருக்க மாட்டார். இங்கு அவை தகுதிதான்.

தாராவியிலேயே வேலை உண்டா என்றால், உண்டு. 2020இல் பெருந்தொற்றின்போது வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கண்டறிந்த முறையை உலக சுகாதார அமைப்பின் தலைவரே பாராட்டினார். 2015இல் ‘ஸ்னேஹா’ தொண்டு நிறுவனம் நடத்திய தாராவி பினாலே, உடல்நலச் செய்திகளை அங்குள்ள மக்களின் கைகளாலேயே கலைப்படைப்புகளாக்கியது. அறிவியலை மக்களுக்குச் சொல்லத் தெரிந்தவர்களின் பணி இது. முறையாகப் பயில விரும்புவோருக்குச் செம்பூரை அடுத்த தேவ்னாரில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் பொதுச் சுகாதாரத்திலும் மருத்துவமனை நிர்வாகத்திலும் முதுநிலைப் படிப்புகளை நடத்துகிறது. ஊதியம் மருந்து நிறுவனங்களுக்கு நிகராக இராது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இனி, பணம். ‘வேலை உறுதி’ என்ற விளம்பரத்துடன் சில மாதப் பட்டயப் படிப்புகளுக்குப் பெருந்தொகை கேட்கும் தனியார் பயிற்சி நிலையங்கள் இந்நகரில் உண்டு. பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். படிப்பு பல்கலைக்கழக மானியக் குழு அல்லது அரசின் அங்கீகாரம் பெற்றதா? சென்ற ஆண்டு படித்து முடித்தவர்களில் இருவரிடம் நேரில் பேச முடியுமா? அங்கீகாரம் இல்லையெனில் வங்கியின் கல்விக்கடனும் பெரும்பாலும் கிடைக்காது.

அங்கீகாரம் பெற்ற படிப்பாயின், 4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக்கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கப்படுவதில்லை. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் கழிந்தே தவணை தொடங்கும். ஆனால் அக்காலத்துக்கும் வட்டி கணக்கிடப்படும். இயன்றவர்கள் வட்டியை மட்டுமாவது அவ்வப்போது செலுத்திவந்தால் பின்னர் சுமை குறையும். விண்ணப்பிக்க வரும்போது சேர்க்கைக் கடிதம், கட்டண விவரம், மதிப்பெண் பட்டியல்கள் ஆகியவற்றுடன் மாணவியையும் அழைத்து வாருங்கள். கடன் அவர் பெயரிலும்தான்.