செவித்திறன் வல்லுநர் எவ்வாறு உருவாகிறார்?

உங்கள் குழந்தைக்குச் செவித்திறன் சோதனை செய்யுமாறு மருத்துவர் எழுதிக் கொடுத்தால், அச்சோதனையைச் செய்து முடிவைக் கூறுபவர் செவித்திறன் வல்லுநர், அதாவது ஆடியாலஜிஸ்ட். அவர் பெறும் பயிற்சி பற்றிப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது.

இந்தியாவில் பள்ளிப் படிப்புக்குப் பின் செவித்திறனும் பேச்சு மொழிக் குறைபாடுகளும் இணைந்த 4 ஆண்டுப் பட்டப்படிப்பு உள்ளது. இறுதி ஆண்டு உள்ளிருப்புப் பயிற்சிக்குரியது. அதன் மேல் 2 ஆண்டு முதுநிலைப் படிப்பு. முனைவர் பட்டம் இங்கு ஆராய்ச்சிக்கானது. அமெரிக்காவில் இத்தொழிலில் நுழைவதற்கே முனைவர் நிலைப் பட்டம் தேவை. 'ஏயுடி' எனப்படும் அப்படிப்பு, இளநிலைப் பட்டத்திற்குப் பின் பொதுவாக 4 ஆண்டுகள் நீடிக்கும். அங்கும் இறுதி ஆண்டின் பெரும்பகுதி, மேற்பார்வையின் கீழ் நோயாளிகளைப் பார்ப்பதிலேயே கழிகிறது.

இத்தனை ஆண்டுகள் எதற்கு என நீங்கள் கேட்கலாம். பிறந்த குழந்தைக்குப் பொதுவாகச் செய்யப்படும் முதற்சோதனை 'ஓஏஇ'. உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் எழுப்பும் மெல்லிய ஒலியை அது பதிவு செய்கிறது. கருவியின் திரையில் 'தேர்ச்சி' எனத் தோன்றினால் பெற்றோர் நிம்மதி அடைகின்றனர். ஆயினும் உட்செவி நலமாக இருந்து செவிநரம்பு பழுதுற்றிருந்தால், இச்சோதனை அதைக் காட்டாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் கடும் மஞ்சள் காமாலை கண்ட குழந்தைகளுக்கும் இந்த வாய்ப்பு அதிகம். அத்தகைய குழந்தையின் தலையில் மின்முனைகளை ஒட்டி, உறங்கும் வேளையில் நரம்பின் மறுமொழியை அளக்கும் 'பெரா' சோதனை தேவை. எந்தக் குழந்தைக்குத் திரையில் தெரியும் முடிவு போதாது என்று உணர்வதே பயிற்சியின் பயன்.

காதொலிக் கருவி பொருத்துவதும் அவ்வாறே. கைக்குழந்தையின் செவிக்குழாய் சிறியது. ஆகவே ஒரே கருவி பெரியவர் காதில் தருவதைவிடக் குழந்தையின் காதில் மிகுந்த ஒலியழுத்தத்தைத் தரும். இதைக் கணக்கிடாமல் அளவை அமைத்தால், எஞ்சியுள்ள செவித்திறனுக்கும் கேடு நேரலாம். காது வளர வளர, செவி அச்சையும் மாற்ற வேண்டும். கடையில் வாங்கி நேரே மாட்டிவிடும் பொருளாக இதனைக் கருதாதீர்கள்.

என் பணிக்காலத்தில், மூன்று வயது கடந்தும் பேசாத குழந்தைகளைப் பலமுறை பார்த்துள்ளேன். "இவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்" என்பார் உடன் வரும் பாட்டி. அன்புடன் கூறப்படும் அச்சொல்லால் மொழி வளர்ச்சிக்குரிய ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. குறைபாட்டை அக்குடும்பத்திடம் எடுத்துரைப்பதும் செவித்திறன் வல்லுநரின் பணியே. பாடநூலால் மட்டும் அது கைவருவதில்லை.

குழந்தைக்கு 1 மாதத்திற்குள் முதற்சோதனை, 3 மாதத்திற்குள் நோயறிதல், 6 மாதத்திற்குள் சிகிச்சைத் தொடக்கம் என்பதே பின்பற்ற வேண்டிய கால அளவு. சோதனைக்குச் செல்லும்போது, அங்குள்ளவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவரா எனத் தயங்காமல் கேளுங்கள். பதிவு பெற்றவருக்கு அதற்குரிய எண் இருக்கும். ஐயம் இருப்பின், அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவை அணுகலாம்.