ஜன்னல் ஓரம் மீன் தொட்டியா? உஷார்!

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் பக்கம் மேற்குப் பார்த்த வீடா? "வெளிச்சத்துல மீன் ஜொலிக்கும்" என்று கண்ணாடித் தொட்டியை ஜன்னல் ஓரம் வைக்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்!

சில வாரத்தில் தண்ணீர் பச்சையாகிவிடும். கண்ணாடியெல்லாம் பாசி. பார்க்க அசிங்கம், அவ்வளவுதானே என்று விட்டுவிட முடியாது.

பகல் வெயிலில் பாசி பிராணவாயு விடும். இரவில்? மீனோடு போட்டி போட்டு அதே வாயுவை இழுக்கும்! விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது பசியால் அல்ல, மூச்சுத் திணறல். "ராத்திரி நல்லாத்தானே இருந்துச்சு" என்று பிள்ளைகள் அழுவது இப்படித்தான்.

சூடு வேறு. 25 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 8 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 35 டிகிரியில் 7தான். தங்க மீனோ குளிர்ந்த தண்ணீர் ஜாதி. தாங்காது, பாவம்.

வடக்கு ஜன்னல்தானே என்பீர்கள். சித்திரை, வைகாசியில் சூரியன் வடக்கே சாய்ந்து போகிறது. காலையும் மாலையும் அங்கேயும் எட்டிப் பார்க்கும்!

உள் சுவர் ஓரம்தான் நல்ல இடம். விளக்கு தினம் 8 மணி நேரம் போதும். வேறு இடமே இல்லையா? வெயில் படும் பக்கக் கண்ணாடியில் கெட்டி அட்டை ஒட்டுங்கள். காற்று விடும் மோட்டார் ராத்திரியும் ஓடட்டும். ஐஸ் கட்டி மட்டும் போடாதீர்கள்; திடீர்க் குளிரும் ஆகாது.

இடத்தை முதலிலேயே முடிவு செய்யுங்கள். 2 அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் தண்ணீரே 50 கிலோவுக்கு மேல். நிரப்பிய பிறகு நகர்த்தினால் ஒட்டு விட்டுப் போகும். அப்புறம் கூடம் முழுக்க வெள்ளம்தான்!