வணிகப் பெயரும் இணைய வரைபடமும்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் போர்ட்டிக்சன் மாவட்டத்தில் அமைந்துள்ள சிற்றூர் லிங்கி. அவ்வூரின் பெயரையே கொண்ட லிங்கி ஆறு, கடலை நெருங்கும் பகுதியில் நெகிரி செம்பிலானுக்கும் மலாக்காவுக்கும் எல்லையாக ஓடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுங்கை ஊஜோங்கில் தோண்டி எடுக்கப்பட்ட ஈயம் இவ்வாற்றின் வழியாகவே கடலுக்குக் கொண்டு செல்லப்பட்டது. பின்னர் இவ்வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் தோன்றின. தமிழர்கள் பால்மரம் சீவ வந்து குடியேறினர்.

அக்காலத் தோட்டத்து மளிகைக் கடைக்குப் பெயர்ப்பலகை தேவைப்படவில்லை. கடைக்காரரின் பெயரே கடையின் பெயராக விளங்கியது. சில இடங்களில் கடை அமைந்திருந்த 'கட்டை' அதற்கு அடையாளமாயிற்று. மைல்கல்லைக் கட்டை என்று சொல்வது மலேசியத் தமிழர் வழக்கம். வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்ததால் யாரும் வழிதவறவில்லை.

இன்றைய நிலை வேறு. தோட்டத்தைவிட்டு வெளியேறிய பல குடும்பங்கள் தாமான்களில் வாழ்கின்றன. சிறுதொழில் செய்வோரைத் தேடி வெளியூர் மக்களும் வருகின்றனர். அவர்கள் வழி கேட்பது மனிதர்களிடம் அன்று. கைப்பேசியில் உள்ள வரைபடத்திடம். கூகுள் வரைபடம் 2005ஆம் ஆண்டு அறிமுகமானது. வணிகர்கள் தங்கள் கடையின் பெயர், முகவரி, வணிக நேரம், நிழற்படங்கள் ஆகியவற்றை அதில் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். அவ்வாறு பதிவு செய்யும்போது முதலில் நிரப்ப வேண்டிய கட்டம் பெயருக்கு உரியது. பலர் தவறு செய்யும் கட்டமும் அதுவே.

லிங்கியில் ஒரு பெண், தோட்டத்தில் உழைத்த தம் பெற்றோரின் சேமிப்பைக் கொண்டு தையற்கடை தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர்ப்பலகையில் 'கெடாய் ஜாஹிட் மல்லிகை' என்று எழுதியிருக்கிறார். வரைபடத்தில் பதியும்போது அவருக்கு ஓர் ஆசை எழுகிறது. 'மல்லிகை தையற்கடை லிங்கி போர்ட்டிக்சன் மலிவு விலை சிறந்த ரவிக்கை தையல்' என்று எழுதினால், எதைத் தேடினாலும் தம் கடையே முதலில் தோன்றும் என்று எண்ணுகிறார்.

இந்த ஆசை புதியதன்று. தொலைபேசிக்கு அச்சிட்ட விவரத்தொகுப்பு இருந்த காலத்தில், மேலைநாட்டு வணிகர் சிலர் தங்கள் நிறுவனங்களுக்கு 'ஏஏஏ' என்று தொடங்கும் பெயர்களைச் சூட்டினர். அகர வரிசையில் முதலிடம் பெறுவதே அவர்களின் நோக்கம். அண்மையில் நியூயார்க் நகரில் ஓர் உணவகம் 'என் அருகில் தாய்லாந்து உணவு' என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயரையே தன் உண்மைப் பெயராகச் சூட்டிக்கொண்டது. மக்கள் கைப்பேசியில் தேடும் சொற்கள் அப்படியே கடையின் பெயராகிவிட்டன.

ஆயினும், அந்த உணவகத்திற்கும் தையற்கடைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. உணவகம் அப்பெயரையே தன் வாசலிலும் எழுதி வைத்தது. தையற்கடையின் பலகையிலோ இருப்பது 'மல்லிகை' மட்டுமே. கடையின் வாசலிலும் கடிதத்தாளிலும் உள்ள பெயரையும், வாடிக்கையாளர் அறிந்த பெயரையுமே பதிய வேண்டும் என்பது கூகுளின் விதி. விளம்பர வாசகம், தொலைபேசி எண், வணிக நேரம், தேவையற்ற ஊர்ப்பெயர் ஆகியவற்றைப் பெயரோடு சேர்க்கக்கூடாது. விதியை மீறினால் பதிவு முடக்கப்படலாம். வரைபடத்தைப் பார்ப்பவர் எவரும் தவறான பெயரைச் சுட்டிக்காட்டித் திருத்தம் கோரவும் முடியும். பண்டிகைக் காலத்தில் பதிவு முடங்கினால் புதிய வாடிக்கையாளர் அக்கடையைக் கண்டுபிடிக்க இயலாது. தீபாவளிக்கு முந்திய வாரங்களின் வருமானத்தை நம்பியிருக்கும் சிறுகடைக்கு அது பேரிழப்பு.

அப்படியானால், தேடுபவர் கண்ணில் கடை எவ்வாறு படும்? உள்ளூர்த் தேடலில் மூன்று கூறுகள் கவனிக்கப்படுகின்றன. முதலாவது, தேடும் பொருளுக்கும் கடைக்கும் உள்ள பொருத்தம். இரண்டாவது, தேடுபவருக்கும் கடைக்கும் இடையிலான தூரம். மூன்றாவது, கடை எந்த அளவுக்கு அறியப்பட்டுள்ளது என்பது. பெயரை நீட்டுவதால் தூரம் குறையாது. பொருத்தத்தைக் காட்ட 'தொழில் வகை' என்னும் தனிக் கட்டம் உண்டு. அதில் 'தையற்காரர்' என்று தேர்ந்தெடுத்தாலே போதும். லிங்கி என்னும் ஊர்ப்பெயரும் 71150 என்னும் அஞ்சல் குறியீடும் முகவரிக் கட்டத்தில் இடம்பெற வேண்டியவை. வாடிக்கையாளர் எழுதும் நேர்மையான கருத்துகளும் அவர்களுக்குக் கிடைக்கும் மறுமொழிகளும் கடையை அறியச் செய்கின்றன.

எனவே, வரைபடத்திற்குச் செல்லும் முன்பே நல்ல பெயரைத் தேர்ந்தெடுப்பது சிறப்பு. பெயரை ஒருமுறை தொலைபேசியில் சொல்லிப் பார்க்கலாம். மறுமுனையில் இருப்பவர் அதைப் பிழையின்றி எழுதிக்கொண்டால் அது எளிய பெயர். 'லட்சுமி' என்னும் ஒரே பெயரை நம் நாட்டில் லெட்சுமி, லெச்சுமி என்றும் ஒலிக்கின்றனர். ரூமி எழுத்தில் அதைப் பலவாறு எழுதுகின்றனர். இத்தகைய பெயரைத் தேர்ந்தெடுப்பவர் ஓர் எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, எல்லா இடங்களிலும் அதையே பயன்படுத்த வேண்டும்.

அடுத்து, அதே பெயரில் போர்ட்டிக்சனிலோ சிரம்பானிலோ வேறு கடை உள்ளதா என்று வரைபடத்திலேயே தேடிப் பார்ப்பது நன்று. இடப்பெயரைச் சூட்டுவதிலும் கவனம் தேவை. லிங்கி நெகிரி செம்பிலானில் உள்ளது; ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள கோலா லிங்கி மலாக்காவைச் சேர்ந்தது. இரண்டையும் ஒன்றெனக் கருதுபவர் வேறு மாநிலத்திற்கே சென்றுவிடக்கூடும். மேலும், 'ரவிக்கை' என்று பெயர் வைத்த கடை பின்னாளில் பள்ளிச் சீருடையும் தைக்கத் தொடங்கினால் அப்பெயர் பொருந்தாமல் போகும்.

பெயர் முடிவானதும் அதற்குச் சட்ட அடையாளம் தர வேண்டும். தீபகற்ப மலேசியாவில் 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டத்தின்படி, தொழில் தொடங்கிய 30 நாள்களுக்குள் அதனை எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரிலேயே தொழில் நடத்தினால் ஆண்டுக் கட்டணம் 30 ரிங்கிட். தனி வணிகப் பெயர் சூட்டினால் 60 ரிங்கிட். பெயர்ப்பலகை வைக்க ஊராட்சி மன்றத்தின் உரிமம் தேவை. போர்ட்டிக்சன் வட்டாரத்தில் அப்பொறுப்பு போர்ட்டிக்சன் நகராண்மைக் கழகத்தைச் சேர்ந்தது. பலகையில் தேசிய மொழி முதன்மை பெற வேண்டும். தமிழ் எழுத்துகளையும் அதனுடன் சேர்த்து எழுதலாம்.

இப்படிப் பதிவுச் சான்றிதழ், பெயர்ப்பலகை, வரைபடம் ஆகிய மூன்றிலும் பெயர் ஒன்றாக இருந்தால் பல தொல்லைகள் நீங்கும். கடையின் உரிமையை உறுதிப்படுத்தக் காணொளி அனுப்ப நேர்ந்தால், பலகையே சான்றாக நிற்கும். 2004ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, தன்னார்வலர்களால் வளர்ந்துவரும் 'ஓப்பன் ஸ்திரீட் மேப்' என்னும் உலக வரைபடத்தில் ஓர் இடத்தின் தமிழ்ப் பெயருக்கெனத் தனிக் குறிப்பே சேர்க்க முடியும். பழைய தோட்டக் கோயிலையும் சந்திக் கடையையும் அதில் தமிழிலேயே குறித்து வைக்கலாம்.

'நல்ல பெயர் எடுக்க வேண்டும்' என்று பெரியோர் சொல்வதுண்டு. அந்தத் தையற்காரருக்கு இச்சொல் இருவகையில் பொருந்தும். புதிதாக வரும் ஒருவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே சாலையோரம் நிற்கிறார். திரையில் 'மல்லிகை' என்று இருக்கிறது. நிமிர்ந்து பார்க்கிறார், எதிரே உள்ள பலகையிலும் 'மல்லிகை' என்றே இருக்கிறது. அவர் தயக்கமின்றிக் கடைக்குள் நுழைகிறார்.