இருபது பாகை

கும்பகோணத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு ஒரு தொல்லை உண்டு. ராமானுஜன் வளர்ந்த ஊர் அல்லவா? வட்டத்தைச் சதுரமாக்கிவிட்டேன், பகா எண்களுக்குச் சூத்திரம் கண்டுவிட்டேன் என்று யாராவது நோட்டும் கையுமாக வாசலில் நிற்பார்கள். எனக்குத் தெரிந்து பதினொரு பேர். பன்னிரண்டாவதாக வந்தவர் சர்வே இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோணத்தை மூன்றாகப் பிரித்திருந்தார்.

கவராயமும் அளவு குறிக்காத ஒரு சட்டமும் கொண்டு கோணத்தைச் சரிபாதியாக்குவது பள்ளிப் பாடம். மூன்றாக்குவது? எல்லாக் கோணத்துக்கும் பொருந்துகிற வழி இருக்கவே முடியாது என்று 1837இல் பிரெஞ்சுக்காரர் பியர் வான்ட்ஸெல் நிரூபித்துவிட்டார். இந்த இரண்டு கருவிகளும் செய்யக்கூடியது கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம், அவ்வளவுதான். 60 பாகையை மூன்றாக்கி 20 பாகை வரைய, ஒரு முப்படிச் சமன்பாட்டின் விடை வேண்டும். வர்க்கமூலங்களை எத்தனை அடுக்கினாலும் அது கிடைக்காது. அந்தப் படிக்கட்டு அந்த மாடிக்குப் போவதே இல்லை.

சொன்னால் யார் கேட்கிறார்கள்? இந்த நிரூபணம் வருவதற்கு முன்பே, 1775இல், பாரிஸ் அறிவியல் கழகம் இப்படிப்பட்ட தீர்வுகளை இனிப் பரிசீலிப்பதில்லை என்று கதவைச் சாத்திவிட்டது. அமெரிக்காவின் இந்தியானாவில் ஒரு மருத்துவரின் வட்டக் கணக்கு 1897இல் மசோதாவாகவே வந்து, கீழவையில் 67 ஓட்டு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லாமல் நிறைவேறியது. வேறு வேலையாக வந்திருந்த கணிதப் பேராசிரியர் வால்டோ பார்த்துப் பதறியதால் மேலவையில் அது கிடப்பில் போனது. கைதூக்கிய அறுபத்தேழு பேரும் முட்டாள்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. புரியாததை மறுக்கக் கூச்சம், அவ்வளவுதான்.

சர்வேயர் பாகைமானியை என் கையில் திணித்தார். "வச்சுப் பாருங்க சார். இருபது காட்டுதா இல்லையா?"

காட்டியது. அவர் செய்தது இது: கோணத்தைப் பாதியாக்கி, பாதியை மறுபடி பாதியாக்கினால் கால்பங்கு, 15 பாகை. அந்தக் கால்பங்கில் கால்பங்கைக் கூட்டினால் 18.75. அதிலும் கால். நாலாவது சுற்றில் 19.92 வந்துவிடுகிறது. பென்சில் கோட்டின் தடிமனுக்குள் மிச்சம் ஒளிந்துகொண்டது.

"அய்யா, இது இருபது இல்லை. ஆனா நீங்க வேற ஒண்ணைக் கண்டுபிடிச்சிருக்கீங்க. கால், அதில் கால், அதில் கால்னு முடிவில்லாம கூட்டினா மூணில் ஒண்ணு வரும். இது முடிவிலித் தொடர்."

அவர் முகம் சுண்டிவிட்டது. நோட்டை மடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்றிரவு ராமானுஜன் நினைவாகவே இருந்தது. அவரும் முடிவிலித் தொடரோடு கதவு தட்டியவர்தானே? சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய் குமாஸ்தா. 1912இல் அவருடைய கணக்குகளைப் பார்த்த லண்டன் பேராசிரியர் ஹில், விரிதொடர்களின் குழியில் விழுந்திருக்கிறார் என்று எழுதினார். நியாயம்தான். 1+2+3+4 என்று முடிவில்லாமல் கூட்டினால் விடை கழித்தல் பன்னிரண்டில் ஒன்று என்று ஒருவர் எழுதினால் நான் என்ன செய்திருப்பேன்? காபி கொடுத்து அனுப்பியிருப்பேன். அந்த ஒரு வரியை மட்டும் வைத்துப் பார்த்தால் சர்வேயர்தான் அறிவாளி. அவர் விடையில் பிழை பாகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை!

சாதாரணக் கூட்டலில் அந்த வரி அபத்தம். ரீமான் பாதை போட்டுவைத்த ஸீட்டா சார்பின் வழியே பார்த்தால் அந்த மதிப்புத்தான் வருகிறது. ராமானுஜன் அங்கே தன் சொந்த வழியில் போயிருந்தார். இதைச் சொன்னால் பைத்தியக்கார விடுதிக்கு வழி காட்டுவீர்கள் என்று கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு அவரே எழுதினார்.

அவர் ஹார்டிக்கு முதல் கடிதம் எழுதியது 1913 ஜனவரி 16. ஹார்டியும் அவருடைய சகா லிட்டில்வுட்டும் உட்கார்ந்து பார்த்தார்கள். சில ஏற்கெனவே தெரிந்தவை. சில, முயன்றால் நிரூபிக்கக்கூடியவை. தொடர்பின்னங்கள் சில ஹார்டியைத் திகைக்கவைத்தன. இவற்றை இட்டுக்கட்ட யாருக்கும் கற்பனை போதாது என்றார். அதே சமயம் பகா எண்களைப் பற்றி ராமானுஜன் சொன்னது தப்பு, சுத்தத் தப்பு. ஹார்டி நிரூபணம் கேட்டார், பிழையைச் சுட்டினார். ராமானுஜன் கப்பலேறிப் போய் உட்கார்ந்து வேலை செய்தார். தப்பை வைத்துப் பார்த்தால் ராமானுஜனும் சர்வேயரும் ஒரே தட்டு. தப்பைச் சுட்டிய பிறகு அந்த நோட்டில் அடுத்த பக்கம் எழுதப்பட்டதா என்றுதான் நான் இப்போது பார்க்கிறேன்.

ஒரு மாதம் கழித்து சர்வேயர் மறுபடி வந்தார். இந்த முறை பெரிய சார்ட் அட்டை, ஆறு சுற்று. கணக்குப் போட்டால் 19.995.

"இதுக்கு மேல போட்டுப் பாத்தேன் சார்," என்றார். "பென்சில் கூர் பத்தலை."