மூத்த நாயின் மாலை நடை

நாய் வளர்ப்பு என்றதும் நாம் பெரும்பாலும் குட்டியைப் பற்றியே பேசுகிறோம். எந்த இனம், என்ன விலை, எப்படிப் பழக்குவது என்று விசாரிக்கிறோம். பத்து ஆண்டுகள் கழித்து அதற்கு என்ன தேவைப்படும் என்று கேட்பவர்கள் மிகச் சிலரே.

எங்கள் வீட்டு லாப்ரடாருக்கு இப்போது 12 வயது. தஞ்சாவூரில் 'புது ஆறு' என்று நாங்கள் அழைக்கும் கல்லணைக் கால்வாயின் கரையில் நாள்தோறும் மாலையில் அதனுடன் நடக்கிறேன். 'வயதான நாயை ஏன் அலைக்கழிக்கிறீர்கள், வீட்டிலேயே படுத்திருக்கட்டுமே' என்று எதிர்ப்படும் நண்பர்கள் கேட்பதுண்டு. அந்தக் கேள்வியில் பரிவு இருக்கிறது. ஆனால், அந்தப் பரிவே நாய்க்குத் தீங்காக முடியக்கூடும்.

படுத்தே கிடக்கும் நாயின் தசைகள் மெலிகின்றன. தசை மெலிந்தால் மூட்டுகளைத் தாங்கும் வலு குறைந்து வலி கூடுகிறது. வலியால் அசைவு மேலும் குறைகிறது; உடல் பருக்கிறது; மூட்டின் மீது சுமை ஏறுகிறது. பொருளியலறிஞர் ராக்னர் நர்க்ஸ் 1953-இல் விளக்கிய வறுமையின் நச்சுச் சுழலைப் பல ஆண்டுகள் வகுப்பறையில் நடத்தியிருக்கிறேன். இதுவும் அத்தகைய சுழலே. அளவான நடை இந்தச் சுழலைத் தளர்த்துகிறது.

உடல் எடையின் பங்கும் சிறிதன்று. அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை ஆயுள் முழுவதும் கண்காணித்த ஓர் ஆய்வின் முடிவு 2002-இல் வெளியானது. 25 சதவீதம் குறைவாக உணவு பெற்ற நாய்களின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 11.2 ஆண்டுகள். மூட்டுத் தேய்மானமும் முதல் பிரிவுக்குத் தாமதமாகவே வந்தது.

எனினும், இளமைக்கால நடையை முதுமையில் அப்படியே தொடரலாகாது. இதயநோய் போன்றவை இருக்கின்றனவா என்று கால்நடை மருத்துவரிடம் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஒரே நீண்ட நடையைவிட, நாளுக்கு இரண்டு மூன்று குறுநடைகள் நல்லவை. கழுத்துப் பட்டையைவிட மார்பைச் சுற்றி அணிவிக்கும் வார் பாதுகாப்பானது. படிகளையும் செங்குத்தான சரிவுகளையும் தவிர்த்து, மண் பாதையைத் தேர்ந்தெடுப்பது நலம்.

நேரமும் முக்கியம். நாய் தன் உடல் வெப்பத்தைப் பெரும்பாலும் நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதன் மூலமே தணித்துக் கொள்கிறது. தார்ச்சாலையோ கதிரவன் சாய்ந்த பின்னும் வெம்மையைத் தேக்கி வைத்திருக்கும். புறங்கையைத் தரையில் சில நொடிகள் வைத்துப் பாருங்கள். நம் கை பொறுக்காத சூட்டை நாயின் பாதமும் பொறுக்காது.

நடையின் வேகத்தை நாயே தீர்மானிக்கட்டும். கண்ணும் காதும் மங்கிய நாய்க்கு உலகைக் காட்டுவது மூக்குதான். ஒரு புல் நுனியை இரண்டு நிமிடம் முகர்ந்துகொண்டு நிற்பதும் அதன் மூளைக்குப் பயிற்சியே. நொண்டினாலோ, இடையில் உட்கார்ந்துவிட்டாலோ திரும்பிவிட வேண்டும். மறுநாள் காலை எழுந்திருக்கச் சிரமப்பட்டால், முந்தைய நாள் நடை அதிகம் என்று பொருள். வலிக்கிறதே என்று நாம் உட்கொள்ளும் பாராசிட்டமால், இபுபுரூபன் போன்றவற்றைக் கொடுத்துவிடக் கூடாது. அவை நாய்க்கு நஞ்சாகலாம்.

இது விருப்பம் சார்ந்த செயல் மட்டுமன்று. வழக்கமாகக் கட்டிவைத்தோ அடைத்தோ வளர்க்கும் நாய்க்கு நியாயமான உடற்பயிற்சி அளிக்கத் தவறுவது, 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி குற்றம். பசியிலும் தாகத்திலும் வாடும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவதும் அதே பிரிவில் குற்றமே. ஆனால், முதல் குற்றத்துக்கு அச்சட்டம் வகுத்த அபராதம் ஐம்பது ரூபாயைத் தாண்டவில்லை. இத்தகைய தொகை யாரையும் அச்சுறுத்தாது.

கைவிடுதலுக்குப் பின்னால் ஓர் எளிய பொருளியல் காரணமும் இருக்கிறது. நாய் வளர்ப்பில் மகிழ்ச்சி முதலில் வருகிறது. மருந்து, மருத்துவம், பொறுமை ஆகிய செலவுகள் கடைசியில் குவிகின்றன. தொலைவில் இருக்கும் செலவைக் குறைத்து மதிப்பிடுவது மனித இயல்பு. ஆகவே, குட்டியை வாங்கும் நாளிலேயே அதன் கடைசி ஆண்டுகளுக்கான பணத்தையும் நேரத்தையும் கணக்கில் எழுதிவிட வேண்டும்.

பூங்காக்களும் நீர்நிலைக் கரைகளும் அமைக்கும் உள்ளாட்சி அமைப்புகள், வாரிட்ட நாய்களுடன் நடப்பதற்கென ஒரு மண் பாதையை ஒதுக்கலாம். கழிவை அகற்றுவதும், பிறரை அச்சுறுத்தாமல் வாரைக் கையில் பிடித்திருப்பதும் வளர்ப்போரின் கடமை. பத்தாண்டுகள் நம் வாசலைக் காத்த உயிருக்கு நாள்தோறும் அரைமணி நேரத்தைத் தருவது சலுகையன்று. நாம் திருப்பிச் செலுத்தும் கடன்.