மெல்போர்ன் மைதானத்தில் ஒரு தொழுகையாளி

மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம் என்றால் நம் வீட்டுப் பிள்ளைகள் அனைவருக்கும் தெரியும். பாடம் ஓத வரும் சிறுவனிடம் பிக்ஹுச் சட்டம் ஒன்றைக் கேட்டால் தயங்குகிறான். அந்த மைதானத்தில் யார் யார் சதம் அடித்தார்கள் என்று கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறான். ஆனால் குளிர்காலம் வந்துவிட்டால் அதே மைதானத்தில் கிரிக்கெட் மட்டையைக் காணமுடியாது என்பதும், அந்நாட்டு மக்களுள் பலர் உயிராய் நேசிப்பது வேறோர் ஆட்டத்தை என்பதும் நம்மில் பலர் அறியாத செய்தி. அந்த ஆட்டத்தின் ஓர் இறுதிப் போட்டியைப் பற்றியும், அதில் வென்ற அணியில் இருந்த ஒரு முஸ்லிம் சகோதரரைப் பற்றியும் உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஆட்டத்தின் பெயர் ஆஸ்திரேலியக் கால்பந்து. பெயர் கால்பந்தேயாயினும் நாம் அறிந்த கால்பந்து அன்று. பந்து முட்டை வடிவமானது, ஆடுகளமும் நீள்வட்டமானது. அணிக்குப் பதினெண்மர் களத்தில் நிற்பர். பந்தைக் காலால் உதைக்கலாம். ஒரு கையில் ஏந்தி மறுகையின் முட்டியால் குத்தித் தோழனுக்கு அனுப்பலாம். எறிய மட்டும் கூடாது. பந்தோடு ஓடுகிறவர் 15 மீட்டருக்கு ஒருமுறை அதைத் தரையில் தட்டி எடுக்கவேண்டும். இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள் நிற்கும். நடுக்கம்பங்களுக்கிடையே உதைத்தால் 6 புள்ளி, அது கோல். பக்கத்துக் கம்பங்களுக்கிடையே போனால் ஒரே ஒரு புள்ளி. நான்கு பகுதிகளாக ஆட்டம் நடைபெறும். ஏறக்குறைய இலக்குத் தவறியவனுக்கும் ஒரு புள்ளி உண்டு என்ற இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது!

மெல்போர்ன் நகரின் பழம்பெரும் அணிகளுள் ஒன்று ரிச்மண்ட். 1980ஆம் ஆண்டு கோப்பையை வென்ற அவ்வணி, அதன்பின் முப்பத்தேழு ஆண்டுகள் வெறுங்கையோடு நின்றது. தந்தையிடம் கேட்ட பழங்கதையை மகன் தன் பிள்ளைக்குச் சொல்லும் காலமும் வந்துவிட்டது. 2016ஆம் ஆண்டில் பதினெட்டு அணிகளுள் பதின்மூன்றாம் இடமே அதற்குக் கிட்டியது. பயிற்சியாளர் டேமியன் ஹார்ட்விக் நீக்கப்படவேண்டும் என்ற கூக்குரலும் எழுந்தது. நிர்வாகம் அவரை நீக்கவில்லை.

அந்த அணியின் பின்களத்தில் இடக்கால் ஆட்டக்காரராக விளங்கியவர்தாம் பஷார் ஹூலி. லெபனான் நாட்டிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். மெல்போர்னின் மேற்குப் புறநகரில் வளர்ந்தவர். 2007இல் எஸ்ஸெண்டன் அணியில் தொடங்கி, 2011 முதல் ரிச்மண்டில் ஆடினார். அல்பேனிய முஸ்லிம் வழிவந்த ஆடம் யூஸ் போன்றோர் அவருக்கு முன்னரே இவ்வாட்டத்தில் புகழ் பெற்றதுண்டு. எனினும் ஐவேளைத் தொழுகையைப் பேணி, மதுவைத் தொடாமல், தம் மார்க்கத்தைக் கூச்சமின்றி எடுத்துச் சொல்லியவண்ணம் இத்துறையில் நிலைத்தவர் என்று அந்நாட்டார் முதலில் குறிப்பிடுவது ஹூலியைத்தான். வெற்றி என்றாலே மதுக்குப்பி திறக்கப்படும் சூழலில் இது எவ்வளவு கடினம் என்பதை, கல்லூரி விடுதிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் பெற்றோருக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

2017ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதி. நோன்புப் பெருநாளை ஒட்டிய நாட்கள். கார்ல்டன் அணியுடன் நடந்த ஆட்டத்தில், தம்மைப் பிடித்துக்கொண்டிருந்த எதிரணி வீரரை விலக்கக் கையைப் பின்னோக்கி வீசினார் ஹூலி. அது அவ்வீரரின் முகத்தில் பட்டது; அவர் நினைவிழந்து வீழ்ந்தார். விசாரணை நடைபெற்றது. ஹூலியின் நன்னடத்தைக்குச் சான்றாக அன்றைய பிரதமர் மால்கம் டர்ன்புல் அவரைப் பற்றிக் கூறியிருந்த சொற்களும், முஸ்லிம் பத்திரிகையாளர் வலீத் அலீயின் கருத்தும் முன்வைக்கப்பட்டன. தீர்ப்பாயம் இரண்டு ஆட்டங்களுக்கு மட்டும் தடை விதித்தது. நாடெங்கும் விவாதம் மூண்டது. நற்பெயர் பெற்றவருக்கு ஒரு நீதி, ஏனையோருக்கு ஒரு நீதியா என்று கேட்டார்கள். ஆட்டத்தை நடத்தும் லீக் நிர்வாகமே மேல்முறையீடு செய்தது. தடை நான்கு ஆட்டங்களாக உயர்ந்தது.

நம்மவர் ஒருவருக்குத் தண்டனை கூடியதே என்று வருந்தத் தோன்றுகிறதா? சற்றுப் பொறுங்கள். மக்ஸூமிக் கோத்திரத்துப் பெண் ஒருத்தி திருடியபோது, அவளுடைய குலப்பெருமையைக் கருதிக் குறைஷிகள் உஸாமா (ரலி) அவர்களைப் பரிந்து பேச அனுப்பிய வரலாற்றை நாம் ஓதியிருக்கிறோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருமுகம் சிவந்தது. தம் அருமை மகளாரே ஆயினும் சட்டம் ஒன்றே என்று அண்ணலார் அறிவித்தார்கள். குற்றத்தின் அளவு வேறு, கோட்பாடு ஒன்றே. ஹூலியின் குணத்தை ஐயுறாமலேயே, அந்த மேல்முறையீடு சரியானது என்பேன். அடிபட்டு வீழ்ந்தவருக்கும் ஒரு குடும்பம் இருக்கிறதல்லவா? தடைக்காலம் முடிந்ததும் ஹூலி தம் இடத்துக்கே திரும்பினார்.

அதன்பின் ரிச்மண்ட் ஆடிய ஆட்டமே வேறு. முன்களத்தில் ஜாக் ரீவோல்ட் ஒருவரே உயரமானவர். ஏனையோர் குட்டையானவர்கள், விரைந்தோடுகிறவர்கள். உயரமில்லாத குறையை அவர்கள் ஓயாத துரத்தலால் நிறைவு செய்தார்கள். பந்தை எடுத்த எதிரணி வீரர் நிமிர்ந்து பார்க்குமுன் இருவர் அவர்மேல் இருப்பர். பதறி அவர் உதைக்கும் பந்து, பின்களத்தில் காத்திருக்கும் அலெக்ஸ் ரான்ஸ், ஹூலி போன்றோரின் கைகளில் வந்து விழும். அங்கிருந்து மறுதாக்குதல் தொடங்கும். இவ்வகையில் தகுதிச் சுற்றில் ஜீலாங் அணியை 51 புள்ளிகளாலும், இறுதிக்கு முந்தைய சுற்றில் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி அணியை 36 புள்ளிகளாலும் வீழ்த்தினார்கள்.

இறுதிப் போட்டி 2017 செப்டம்பர் 30, சனிக்கிழமை. எதிரே நின்றது, லீக் பட்டியலில் முதலிடம் பெற்ற அடிலெய்டு. (அந்நகரைச் சொல்லும்போது, 1880களின் இறுதியில் ஒட்டகக்காரர்களான ஆப்கானிய முஸ்லிம்கள் அங்கே எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்பதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை.) மைதானத்தில் கூடியோர் 1,00,021 பேர். ஆட்டம் பிற்பகலில் தொடங்கியது. அந்நகரின் நேரப்படி கணக்கிட்டால், ஆட்டத்தின் நடுவிலேயே அஸருடைய வக்து நுழைந்திருக்கும். மஃரிபுக்கு முன் எல்லாம் முடிந்திருக்கும்.

முதற்பகுதியில் அடிலெய்டு முந்தியது. ரிச்மண்ட் ரசிகர்களின் நெஞ்சில் பழைய அச்சம் எழுந்திருக்கவேண்டும். ஆயின் இரண்டாம் பகுதியில் அடிலெய்டால் ஒரு கோல்கூட அடிக்க முடியவில்லை. துரத்தல் வேலை செய்யத் தொடங்கிவிட்டது! ஜாக் கிரஹாம் என்னும் 19 வயது இளைஞர் தம் ஐந்தாவது லீக் ஆட்டத்திலேயே மூன்று கோல்கள் அடித்தார். டஸ்டின் மார்ட்டினை எவராலும் பிடித்து நிறுத்த இயலவில்லை. பின்களத்தில் ஹூலி 25 முறை பந்தைக் கைப்பற்றிப் பழுதறத் தோழர்களுக்குச் சேர்ப்பித்தார். மூன்றாம் பகுதி முடிவதற்குள் வெற்றி எவர் பக்கம் என்பது தெளிவாகிவிட்டது. ரிச்மண்ட் 16 கோல்களும் 12 ஒற்றைப் புள்ளிகளுமாக 108. அடிலெய்டு 8 கோல்களும் 12 ஒற்றைப் புள்ளிகளுமாக 60. வித்தியாசம் 48.

அன்றைய சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் மார்ட்டினுக்குக் கிடைத்தது. அவ்வாண்டின் லீக் சிறந்த வீரர் விருதையும் கோப்பையையும் சேர்த்து மூன்றையும் ஒரே பருவத்தில் பெற்ற முதல் வீரர் அவரே. பதக்க வாக்கெடுப்பில் அவருக்கு அடுத்தபடியாக வந்தவர், மூன்று மாதங்களுக்கு முன் தடைபெற்று வெளியே அமர்ந்திருந்த ஹூலி.

விளையாட்டு வீண் என்று முற்றாகத் தள்ளிவிடுவோர் நம்மிடையே உண்டு. ருகானா என்ற மல்லரை நாயகம் (ஸல்) அவர்கள் மற்போரில் வென்றதையும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியதையும் அவர்களுக்கு நினைவூட்டலாம். தொழுகையை விழுங்கும் விளையாட்டுத்தான் பழுது. தொழுகைக்கு இடம்விடும் விளையாட்டைப் பழிப்பதற்கு நமக்கு ஆதாரம் இல்லை. மாலை ஐந்து மணிக்குத் திடலுக்குப் போகும் மகனை வாப்பாமார்கள் தடுக்கவேண்டாம். அஸர் தொழுதாயா என்று மட்டும் கேட்டனுப்புங்கள்.

2019, 2020 ஆகிய ஆண்டுகளிலும் ரிச்மண்ட் கோப்பையை வென்றது. மூன்று இறுதிகளிலும் ஹூலி ஆடினார். 2021இல் ஓய்வு பெற்றார். அவர் பெயரால் இயங்கும் அறநிறுவனம் முஸ்லிம் இளைஞர்களுக்குப் பயிற்சியளிக்கிறது. இஸ்லாமியப் பள்ளிகளுக்கிடையே அவர் பெயரிலேயே ஒரு கோப்பைப் போட்டியும் நடைபெற்று வருகிறது. முக்காடிட்ட பெண்பிள்ளைகளும் அதில் ஆடுகிறார்கள். முன்னே குறிப்பிட்ட ஆடம் யூஸ் 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் ரிச்மண்டின் தலைமைப் பயிற்சியாளரானார். மூத்த வீரர்கள் பலர் விலகியிருந்த அப்பருவத்தில் அணி இரண்டே ஆட்டங்களை வென்று கடைசி இடத்தில் நின்றது. 1980க்குப் பின் பொறுமை பழகிய ரசிகர்கள் மீண்டும் காத்திருக்கத் தொடங்கினார்கள்.